முதலில் தூங்க விடுங்கள்

"ராத்திரியெல்லாம் தூக்கமே வரலைங்க" என்று ஒரு பெண் தெருவில் சொல்லிப் பார்க்கட்டும். பத்து பேர் பத்து வைத்தியம் சொல்வார்கள். பாலில் கசகசா போட்டுக் குடி, உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தடவு, தலைமாட்டில் செல்போனை வைக்காதே... சொல்லி மாளாது. அதே பெண் "தாம்பத்தியத்தில் நாட்டமே இல்லைங்க" என்று சொல்லிவிட முடியுமா? தெருவில் வேண்டாம், கூடப் பிறந்த அக்காவிடமாவது? டாக்டரிடமாவது?

முடியாது. முதல் புகாருக்கு அனுதாபம் கிடைக்கும். இரண்டாவதற்குக் கெட்ட பெயர்தான் கிடைக்கும்.

ஆனால் இந்த இரண்டும் பல நேரங்களில் ஒரே பிரச்சினையின் இரண்டு பக்கங்கள். முதலாவதைக் கேட்காமல் இரண்டாவதற்கு விடை தேடுவது, வரவுப் பக்கத்தைப் பார்க்காமலேயே நஷ்டக் கணக்கு எழுதுவது மாதிரி. நம்ம ஊரில் அதுதான் நடந்துகொண்டிருக்கிறது.

மேனாம்பேட்டையே எடுத்துக்கொள்ளலாம். பக்கத்திலேயே அம்பத்தூர் தொழிற்பேட்டை. 1960-களில் உருவானது. லேத் பட்டறை, மருந்து, ரெடிமேட் துணி என்று இருந்த இடத்தில், 2000-க்குப் பிறகு ஐ.டி. கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்களும் எழுந்தன. பட்டறைக்குப் பகல் போதும். அமெரிக்காவில் இருக்கும் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல இரவு வேண்டும். மூன்று ஷிஃப்ட் ஓடும் தொழிற்சாலைக்கும் இரவு வேண்டும். அந்த இரவுகளில் பெண்களும் வேலை பார்க்கிறார்கள்.

அப்படி இரவு ஷிஃப்ட் பார்க்கும் ஒரு பெண்ணின் ஒரு நாளைக் கற்பனை செய்து பாருங்கள். பெயர் வேண்டாம், எந்தத் தெருவிலும் ஒருவர் இருப்பார். காலை ஆறரைக்குக் கம்பெனி வேன் தெருமுனையில் இறக்கி விடுகிறது. வீட்டுக்குள் நுழைந்ததும் மோட்டார் போட வேண்டும். பால் காய்ச்ச வேண்டும். இட்லி, சட்னி, பிள்ளைக்கு லஞ்ச் பாக்ஸ், கணவருக்கு டிபன் கேரியர், மாமியாருக்கு சுகர் மாத்திரை. எட்டேகாலுக்கு ஸ்கூல் வேன். அதற்குப் பிறகு பாத்திரம், துணி, குளியல். படுக்கும்போது மணி பத்தரை. பன்னிரண்டுக்குக் கேஸ் சிலிண்டர் வருகிறது. இரண்டு மணிக்கு ஹாலில் சீரியல். மூன்றரைக்குப் பிள்ளை வந்துவிடும். ஆக மொத்தம் நாலு மணி நேரத் தூக்கம், அதுவும் மூன்று துண்டாக. சாயங்காலம் மறுபடி அடுப்பு. ராத்திரி ஒன்பதுக்கு வேன்.

கணவருக்குப் பகல் ஷிஃப்ட். இருவரும் ஒரே வீட்டில் விழித்திருக்கும் நேரம் காலையில் ஒன்றரை மணி, மாலையில் ஒன்றரை மணி. இரண்டுமே சமையல் நேரம். மிச்சம் இருப்பது வார விடுமுறை. அன்று அவர் ஆசையோடு வருகிறார். அவள் சுவர் பக்கம் திரும்பிப் படுக்கிறாள். "என்னைப் பார்த்தாலே உனக்குப் பிடிக்கலையா?" என்று அவர் கேட்கிறார். அவளுக்கே பதில் தெரியாது. பிடிக்காமல் இல்லை. உடம்பு வரமாட்டேன் என்கிறது.

இந்த இடத்தில்தான் சண்டை ஆரம்பிக்கிறது. சந்தேகம், அலட்சியம், "படிச்ச திமிர்", "வேலைக்குப் போற திமிர்" என்று வார்த்தைகள் வருகின்றன. பெரியவர்கள் காதுக்குப் போனால் "கடமை" என்பார்கள். ஜோசியர் தோஷம் என்பார். "போன வாரம் மொத்தம் எத்தனை மணி நேரம் தூங்கினே?" என்று மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள்.

கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்று ஆய்வுகள் சொல்கின்றன.

2015-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சின்ன ஆய்வை வெளியிட்டார்கள். 171 கல்லூரிப் பெண்கள். 14 நாள் தொடர்ந்து, தினமும் எவ்வளவு தூங்கினார்கள், மறுநாள் நாட்டம் எப்படி இருந்தது என்று பதிவு செய்யச் சொன்னார்கள். அதிகம் தூங்கிய இரவுக்கு மறுநாள் நாட்டம் கூடியது. துணையோடு இருந்தவர்களில், ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கினால் மறுநாள் உறவு நடப்பதற்கான வாய்ப்பு 14 சதவீதம் கூடியது. சராசரியாக அதிக நேரம் தூங்கும் பெண்களுக்கு உடல்ரீதியான கிளர்ச்சியிலும் சிரமம் குறைவாக இருந்தது. கவனிக்க வேண்டியது, இவர்கள் நோயாளிகள் இல்லை. சாதாரண மாணவிகள்.

அடுத்தது வயது கூடியவர்கள். மேயோ கிளினிக் மருத்துவர்கள் 2021-ல் வெளியிட்ட ஆய்வில் 3,400-க்கும் மேற்பட்ட பெண்கள், சராசரி வயது 53. தூக்கத்தின் தரம் மோசமாக இருந்தவர்களுக்குப் பாலியல் குறைபாடு இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. இதில் இன்னொரு சங்கதி உண்டு. வயது, மனநிலை போன்ற மற்ற காரணங்களைக் கழித்துப் பார்த்தபோது, எத்தனை மணி நேரம் என்பதைவிட எப்படிப்பட்ட தூக்கம் என்பதுதான் நின்றது. மூன்று துண்டாக உடைந்த தூக்கம் என்ன தரம் என்று சொல்லத் தேவையில்லை.

ஏன் இப்படி? கிளர்ச்சி என்பது பட்டனைத் தட்டினால் எரியும் பல்பு இல்லை. உடம்பு தளர வேண்டும், மனசு ஓரிடத்தில் நிற்க வேண்டும், ரத்த ஓட்டம் அந்தப் பகுதிக்குப் போக வேண்டும், அப்புறம்தான் ஈரப்பதம். தூக்கம் குறைந்தால் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் சாயங்காலத்தில் இறங்க வேண்டிய அளவுக்கு இறங்காது. உடம்பு ஏதோ ஆபத்துக்குத் தயாராக இருப்பது போலவே விறைப்பாக இருக்கும். எரிச்சல் கூடும், கவனம் சிதறும். வலியைத் தாங்கும் சக்தியும் குறையும். தளராத உடம்பு, வறட்சி, சீக்கிரம் வலிக்கும் தசை, மூன்றும் சேர்ந்தால் உறவு என்பதே வேதனையாகிறது. இரண்டு தடவை வலித்தால் மூன்றாவது தடவை பயம் வருகிறது. அந்தப் பயத்தை வீட்டில் எல்லோரும் "நாட்டமில்லை" என்று படிக்கிறார்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. வண்டி இரண்டு திசையிலும் ஓடும். வலியும் மனக்கசப்பும் இருக்கும் படுக்கையில் தூக்கம் எப்படி வரும்? எப்போது கை மேலே விழுமோ என்று பயந்துகொண்டே படுத்திருக்கும் பெண்ணுக்கு ஆழ்ந்த தூக்கம் சாத்தியமே இல்லை. ஆகவே தூக்கம் கெட்டதால்தான் எல்லாம் கெட்டது என்று ஒரே வரியில் முடித்துவிடக் கூடாது. மேலே சொன்ன ஆய்வுகளும் தொடர்பைத்தான் காட்டுகின்றன. ஒன்றுதான் இன்னொன்றின் முழுக் காரணம் என்று தீர்ப்பு எழுதவில்லை.

இரவு ஷிஃப்ட் இல்லாத பெண்களுக்கும் இது பொருந்தும். தேசிய குடும்ப நல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேல் ரத்தசோகை உள்ளவர்கள். இரும்புச் சத்து குறைந்தால் வெறும் களைப்பு மட்டும் வருவதில்லை. ராத்திரி படுத்ததும் காலை ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றும் கால் குடைச்சல் வரும். "வயசாயிடுச்சு" என்று தைலம் தேய்த்துக்கொண்டு படுப்பார்கள். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடக்கூடிய விஷயம் அது. நாற்பதுகளின் பின்பாதியில் மாதவிடாய் நிற்கும் சமயத்தில், நடு ராத்திரியில் உடம்பெல்லாம் தீப்பிடித்த மாதிரி எரிந்து வேர்த்துக் கொட்டும். அதே ஹார்மோன் மாற்றம்தான் வறட்சிக்கும் காரணம். குறட்டை இன்னொன்று. ஆண் குறட்டை விட்டால் ஜோக். பெண் குறட்டை விட்டால் வெட்கம், வெளியே சொல்ல மாட்டாள். தூக்கத்தில் மூச்சு அடைபடும் நோய் பெண்களுக்கும் வரும், அதற்கும் பாலியல் குறைபாட்டுக்கும் தொடர்பு உண்டு. மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளும் நாட்டத்தைக் குறைக்கும். அதற்காக மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது, எழுதிக் கொடுத்த டாக்டரிடம் சொன்னால் மாற்று உண்டு.

எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறது. வாயைத் திறப்பதற்குத்தான் வழி இல்லை.

இது வெறும் பேச்சில்லை. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் 2009-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். வெளிநோயாளியாக வந்த 149 திருமணமான பெண்களிடம், உலகமெங்கும் பயன்படுத்தும் 19 கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை வைத்துக் கேட்டார்கள். 73 சதவீதம் பேருக்குப் பாலியல் குறைபாடு இருந்தது. ஆஸ்பத்திரிக்கு ஏதோ ஒரு நோய்க்காக வந்தவர்கள் என்பதால் இதை ஊருக்கெல்லாம் பொருத்த முடியாது. அது தூக்கத்தைப் பற்றிய ஆய்வும் இல்லை. ஆனால் அதில் ஒரு தகவல் நெஞ்சைச் சுடுகிறது. தங்கள் பிரச்சினைக்குக் காரணம் என்னவென்று அந்தப் பெண்களுக்குத் தெரிந்திருந்தது. தனக்கோ கணவருக்கோ உள்ள நோய், உறவில் விரிசல், ஊர் கட்டுப்பாடு என்று அவர்களே சொன்னார்கள். ஆனால் அதற்காக மருத்துவ உதவி தேடிப் போனவர் ஒருவர்கூட இல்லை. இத்தனைக்கும் அவர்கள் உட்கார்ந்திருந்தது ஆஸ்பத்திரியில்!

2000-ஐ ஒட்டிய வருடங்களில் விஜய் டிவியில் 'புதிரா புனிதமா' என்று ஒரு நிகழ்ச்சி வந்தது பலருக்கு நினைவிருக்கும். மனநல மருத்துவர் மாத்ருபூதம், டாக்டர் ஷர்மிளாவோடு உட்கார்ந்து சந்தேகங்களுக்குப் பதில் சொல்வார். பல வீடுகளில் சவுண்டைக் குறைத்து வைத்துப் பார்த்த நிகழ்ச்சி. சிரிப்பாகச் சிரித்தவர்கள் உண்டு, திட்டியவர்கள் அதைவிட அதிகம். மாத்ருபூதம் 2004-ல் மறைந்துவிட்டார். தமிழில் இந்த விஷயத்தை ஒரு மருத்துவர் முகத்தைக் காட்டிக்கொண்டு பேச முடியும் என்று நிரூபித்தது அந்த நிகழ்ச்சி. இப்போது யூடியூபில் ஆயிரம் வீடியோ இருக்கிறது. அதில் பாதி லேகியம் விற்கிறது.

மாத்திரைக்கும் பஞ்சமில்லை. பெண்களின் நாட்டக் குறைவுக்கென்று ஃபிளிபான்செரின் என்ற மருந்தை அமெரிக்கா 2015 ஆகஸ்டில் அனுமதித்தது. தினமும் சாப்பிட்டாலும், வெறும் சர்க்கரை மாத்திரை சாப்பிட்டவர்களைவிட மாதத்துக்கு அரை முதல் ஒரு திருப்தியான உறவுதான் கூடுதலாகக் கிடைத்தது. அதன் பக்க விளைவு என்ன தெரியுமா? தூக்க மயக்கம். அதனால் படுக்கப் போகும்போதுதான் சாப்பிடச் சொல்கிறார்கள். சிரிப்பதா அழுவதா!

சரி, இதற்குச் சட்டத்தில் ஏதாவது இருக்கிறதா? இருக்கிறது. அதுவும் சென்னையிலேயே எழுதப்பட்டது.

1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 66-வது பிரிவு, மாலை 7 மணியிலிருந்து காலை 6 மணி வரை பெண்கள் தொழிற்சாலையில் வேலை செய்யக் கூடாது என்றது. பெண் என்பதாலேயே வேலை மறுப்பது சமத்துவத்துக்கு விரோதம் என்று 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. கூடவே பல நிபந்தனைகளைப் போட்டது. போக்குவரத்து, பாதுகாப்பு, தனிக் கழிப்பறை இவற்றோடு இன்னொன்றும் இருந்தது. ஒரு பெண் பகல் ஷிஃப்டிலிருந்து இரவு ஷிஃப்டுக்கு மாறினாலும், இரவிலிருந்து பகலுக்கு மாறினாலும், நடுவில் தொடர்ச்சியாக 12 மணி நேரமாவது ஓய்வு இருக்க வேண்டும்.

12 மணி நேரம்! பெண்ணின் தூக்கத்தை நினைத்துப் பார்த்த தீர்ப்பு அது. ஆனால் நீதிமன்றத்தின் கை கம்பெனி கேட்டோடு நின்றுவிடுகிறது. வீட்டு வாசலுக்குள் அது வராது.

அந்த 12 மணி நேரத்தை ஒரு கணக்காக எழுதிப் பாருங்கள். வரவு, 12 மணி. மத்திய அரசின் 2024-ம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டு வேலை செய்யும் ஒரு பெண் அதற்காக ஒரு நாளில் செலவிடுவது சராசரியாக 289 நிமிடம். ஏறக்குறைய ஐந்து மணி நேரம். வேன் பயணம் போக வர இரண்டு மணி. குளியல், சாப்பாடு ஒரு மணி. மீதி நாலு. மேலே கற்பனையாகச் சொன்ன பெண்ணின் தூக்கமும் அதே நாலுதான். வீட்டு வேலை செய்யும் ஆண்களின் சராசரி 88 நிமிடம். அதிலும், வீட்டு வேலையைத் தொடும் ஆண்கள் நூற்றுக்கு முப்பது பேர்கூட இல்லை.

ஆக, கோர்ட் கொடுத்த ஓய்வை வீடு வாங்கிக்கொள்கிறது. இந்தக் கணக்கில் கடைசியாக நஷ்டம் எழுதப்படும் இடம் படுக்கையறை. நஷ்டத்துக்குப் பொறுப்பாளியாக நிறுத்தப்படுவதும் அவளே.

"அப்படியானால் பெண்கள் நைட் ஷிஃப்ட் போகாமல் இருப்பதுதானே?" என்று சிலர் கேட்பார்கள். ரொம்ப சுலபமான பதில், ரொம்பத் தப்பான பதில். இரவு வேலையால் யாருடைய உடம்பும் கெடும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2007-லும், மறுபடி 2019-லும் இரவு வேலையைப் புற்றுநோய் உண்டாக்கச் சாத்தியமுள்ளவை என்ற பட்டியலில் வைத்தது. மாறி மாறி இரவு ஷிஃப்ட் பார்க்கும் நர்சுகளுக்கு மாதவிடாய் சுழற்சி தப்புவது அதிகம் என்றும் ஆய்வுகள் உண்டு. ஆனால் இரவில் ஆஸ்பத்திரியை மூடிவிட முடியாது. அந்தச் சம்பளத்தில்தான் வீட்டு வாடகையும் ஸ்கூல் ஃபீஸும் போகிறது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பும், சம்மதம் தெரிவிக்கும் பெண்கள் இரவில் வேலை செய்யலாம் என்கிறது. இரவு வேலை இனி கூடத்தான் போகிறது. தடை போடுவதால் பெண் வீட்டுக்குள் போவாள், தூங்கப் போக மாட்டாள்.

"ஆம்பளைங்களுக்கு மட்டும் தூக்கம் கெடலையா?" என்பது அடுத்த கேள்வி. கெடுகிறது. ஒரு வாரம் தினமும் ஐந்து மணி நேரம் மட்டும் தூங்க வைத்தபோது, ஆரோக்கியமான இளைஞர்களின் டெஸ்டோஸ்டீரோன் பகலில் 10 முதல் 15 சதவீதம் குறைந்தது என்று 2011-ல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. பத்தே பேரை வைத்துச் செய்த ஆய்வுதான், ஆனாலும் உலகமெங்கும் செய்தியானது. வித்தியாசம் இதுதான். ஆண் களைத்து வந்து படுத்துவிட்டால் "பாவம், உழைச்சுட்டு வர்றான்" என்பார்கள். பெண் படுத்துவிட்டால் "எப்பப் பாரு தூக்கம்" என்பார்கள். உடம்பு இரண்டுக்கும் ஒன்றுதான், பெயர்தான் வேறு.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் இல்லை. ஷிஃப்ட் பட்டியல் போடுகிறவர்கள் வாரா வாரம் ஆளைத் தூக்கி அடிக்காமல், முன்கூட்டியே சொல்லி மெதுவாக மாற்றலாம். டாக்டர்கள், குடும்பநல ஆலோசகர்கள் தாம்பத்தியப் புகார் வந்ததும் முதல் கேள்வியாகத் தூக்கத்தைக் கேட்கலாம். பெண்கள் மெடிக்கல் ஷாப்பில் தானாகத் தூக்க மாத்திரை கேட்டு வாங்காமல், மூன்று மாதமாகத் தூக்கம் சரியில்லை என்றால் அதை ஒரு நோயாகவே டாக்டரிடம் சொல்லலாம். நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சை மாத்திரை இல்லை, தூங்கும் பழக்கத்தையும் அதைப் பற்றிய பயத்தையும் மாற்றும் பேச்சு முறைச் சிகிச்சைதான் என்று அமெரிக்க மருத்துவர்கள் சங்கம் ஒன்று 2016-லேயே பரிந்துரைத்துவிட்டது. அரசு ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் போய் இதைக் கேட்கலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை.

வீட்டில் செய்ய வேண்டியது இன்னும் சின்னது. மோட்டார் போடவும் பால் காய்ச்சவும் லஞ்ச் பாக்ஸ் கட்டவும் ஆண் கைக்கும் தெரியும். அவள் இறங்கும் வேனுக்கும் பிள்ளையின் ஸ்கூல் வேனுக்கும் நடுவில் இருக்கும் அந்த ஒன்றே முக்கால் மணி நேரத்தைக் கணவர் எடுத்துக்கொண்டால், அவள் ஏழு மணிக்கே படுத்துவிடலாம். கேஸ் சிலிண்டருக்கு மாமியார் கதவைத் திறக்கலாம். சீரியலின் சவுண்டைக் குறைக்கலாம். 'புதிரா புனிதமா'வுக்குச் சவுண்டைக் குறைக்கத் தெரிந்த நமக்கு இது ஒரு கஷ்டமா?

இதைச் செய்தால் எல்லாம் சரியாகிவிடுமா? எல்லோருக்கும் ஆகாது. சிலருக்கு வேறு நோய் இருக்கும், சிலருக்கு மனசில் வேறு காயம் இருக்கும். நன்றாகத் தூங்கி எழுந்த பிறகும் ஒரு பெண் வேண்டாம் என்று சொல்லலாம், அது அவள் உரிமை. தூங்க விடுவது அதற்குக் கூலியாகக் கிடைக்கும் என்ற எண்ணத்தில் இருக்கவும் கூடாது. ஆனால் அவள் சொல்வது வேண்டாமா, முடியலையா என்பது அப்போதுதான் அவளுக்கே தெரியும்.

அடுத்த தடவை "என்னைப் பிடிக்கலையா?" என்ற கேள்வி வாய் வரை வந்தால், அதை அப்படியே விழுங்கிவிட்டு வேறொன்று கேட்டுப் பாருங்கள்.

"நேத்து எத்தனை மணி நேரம் தூங்கினே?"